பேசிக்கொண்டே நடக்கிற வேகம்

பிரபு கண்ணா,

நேற்று சாயங்காலம் சௌமியா போன் பண்ணினாள். எடுத்ததும் நலம் விசாரிக்கக்கூட இல்லை. "அத்தை, உங்க புள்ளைக்கு நான் தலை சீவி வுட்டுகினு கீறேன். கையத் தூக்க முடியலையாம்" என்றாள். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே, பக்கத்தில் இருந்த பையன் தூக்கிய எடையை நீயும் தூக்கினாயாம். மறுநாள் டீசர்ட்டைத் தலை வழியாகக் கழற்ற முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டாயாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவும் எட்டிப் பார்த்து, இன்னா விஷயம் என்று கேட்டு, அவரும் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவள் மெதுவாக மற்றதைச் சொன்னாள். ஆபீசில் எடுத்த பரிசோதனையில் உனக்குப் பிரஷர் கூடுதலாக இருக்கிறதாம், சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறதாம், டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னதால்தான் ஜிம்முக்கே போனாயாம். இப்போது "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று சொல்லி ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாயாம். அங்கேதான் என் சிரிப்பு நின்றது. போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, மீட்டிங் கீதும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை நடுவில் வெட்ட முடியாது பார்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வசந்தா பெரியம்மா நம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்ததைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாய், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகள் எப்படி ராசியானோம் என்று கேட்டாய். நடந்துதான் ராசியானோம் என்றேன். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நீ பொங்கலைச் சாப்பிடப் போய்விட்டாய். வேடிக்கை இல்லை, உண்மையாகவே நடந்துதான். அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டிய நேரம் இப்போது வந்திருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு உடம்பு கனத்துப்போனது. ஆவடி ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏறினால் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ரயிலைப் பிடிப்பதற்காக அல்ல, வழியை விட்டு ஒதுங்குவதற்காகவே நான் அவசரப்படுவேன். உன் அப்பாதான் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் கூட்டிப் போனார். சின்ன வயசுப் பெண் அந்த டாக்டர். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பீர்களா என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அடுப்படியில் நிற்கிறேன், உட்காரவே நேரம் இல்லை என்றேன். "நிக்கிறது வேறம்மா, நடக்கிறது வேற" என்றாள். ரத்தம், பிரஷர், நெஞ்சுக்கு ஈசிஜி எல்லாம் பார்த்து, மாத்திரை எழுதி, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்றாள். முதலில் பத்து நிமிஷம் போதும், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு போகக் கூடாது, தண்ணீர் குடிக்க வேண்டும், நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிற்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் உன் அப்பா எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தார். அது அட்டைப்பெட்டியோடு பிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் நான் சொன்ன காரணங்களைக் கேட்டால் நீ எனக்குப் பிறந்த பிள்ளைதான் என்று ஊரே ஒத்துக்கொள்ளும். மழை வரும்போல இருக்கிறது. பனி அதிகம். வெள்ளிக்கிழமை, வீடு கழுவ வேண்டும். தெருமுனையில் நாய் நிற்கிறது. புரட்டாசி முடியட்டும். தீபாவளிப் பலகாரமெல்லாம் தீரட்டும். உன் அப்பா தினமும் காலையில் "இன்னிக்கு?" என்று ஒரே வார்த்தைதான் கேட்பார். நான் "நாளைக்கு" என்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

கடைசியில் என்னைக் கிளப்பியது டாக்டரும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. வயிற்றெரிச்சல். ஒருநாள் விடிகாலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு கேட் சத்தம் கேட்டது. பார்த்தால் வசந்தா அக்கா. சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு, காலில் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி விறுவிறுவென்று நடந்து போகிறாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவள் இளைத்து அழகாகிவிடுவாள், நான் மட்டும் மேம்பாலத்தில் நின்றுகொண்டிருப்பேனா? அன்றைக்கே பிரிட்ஜ் மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

நாங்கள் ஏன் பேசாமல் இருந்தோம் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அக்கா மகள் மீனாவின் வளைகாப்பில் எல்லாரையும் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாமியார் வீட்டுக்காரர்கள், திருநின்றவூர் உறவுக்காரர்கள், எதிர்வீட்டு அம்மா, எல்லாரும் ஏறி அவளுக்கு வளையல் போட்டார்கள். நான் கையில் வளையலை வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சொந்தச் சித்தியை யாரும் கூப்பிடவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன். ஏன் சாப்பிடாமல் போனாய் என்று அவளும் வந்து கேட்கவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடுவில் சுவர் மட்டும்தான். உன் அப்பாவும் பெரியப்பாவும் டீக்கடையில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. இருவர் சட்டையிலும் ஒரே பஜ்ஜி வாசனை வரும்.

நான் நடக்கப் போன முதல் நாளைச் சொல்கிறேன் கேள். நம் ஊர் கோவில்பதாகையில் நமக்கு நடக்க இருக்கிற நல்ல இடம் ஏரிப் பக்கத்துப் பூங்கா ஒன்றுதான். உள்ளே கல் பதித்த வட்டப் பாதை. போய்ப் பார்த்தால் அக்கா அதில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் பின்னாலேயே நடந்தால் நான் அவளைப் பின்தொடர்கிற மாதிரி ஆகிவிடும், அந்த அவமானம் எனக்கு எதற்கு? அதனால் நான் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பாதிச் சுற்றிலேயே புரிந்தது. பின்னால் நடந்திருந்தால் அவள் முதுகை மட்டும் பார்த்திருப்பேன். எதிர்த்திசையில் நடந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் முகத்துக்கு முகம் எதிரே வருகிறாள்! அவள் வரும்போது நான் வேப்பமரத்தைப் பார்ப்பேன். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்ப்பாள். தாண்டியதும் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொள்வோம். மறுபடியும் எதிரே வருவாள். மறுபடியும் வேப்பமரம். ஆனால் இனிமேல் திசையை மாற்றினால் நான் தோற்றதாகிவிடுமே, அதனால் அப்படியே தொடர்ந்தேன்.

இதில் இன்னொரு வினையும் சேர்ந்தது. முதல் சுற்றில் குழந்தைகள் விளையாடும் சறுக்குமரத்துக்கு நேராக அவளைச் சந்தித்தேன். அடுத்த சுற்றில் நான் சறுக்குமரத்தை அடைவதற்கு முன்பே வந்துவிட்டாள். அதற்கடுத்த சுற்றில் இன்னும் முன்னால். அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவள் என்னைவிட வேகம்! பள்ளிக்கூடத்தில் கணக்கே வராத எனக்கு இந்தக் கணக்கு மட்டும் அன்றைக்கு நன்றாக வந்தது. விடுவேனா? டாக்டர் சொன்ன பத்து நிமிஷமெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் காலை எட்டிப் போட ஆரம்பித்தேன். சந்திக்கிற இடம் சறுக்குமரத்தைத் தாண்டியது. அடுத்த நாள் அவளும் விட்டுவைக்கவில்லை, இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், சறுக்குமரத்தை நடுவில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் கல்லாகி இருக்கும். மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவேன். உன் அப்பா தைலம் தேய்த்துவிட்டு, "நடக்கப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார் மனுஷன்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் தூங்கிவிட்டேன். அவள் கேட் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அவசர அவசரமாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு, மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஓடினேன். பூங்காவில் நுழைந்த உடனேயே வேகம். இரண்டாவது சுற்றில் காது அடைத்த மாதிரி இருந்தது. நிற்கலாமா என்று நினைத்தேன், ஆனால் எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் நிற்பதா என்று இன்னும் நாலு எட்டு வைத்தேன். வேப்பமரம் சாய்ந்தது. கண் இருட்டியது. கையை நீட்டினேன், பிடிக்க ஒன்றும் இல்லை. அப்போது ஒரு கை என் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தது. அப்படியே இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தது.

"ஏய்! இன்னாடி ஆச்சு? இன்னா பண்ணுது?" அக்காவின் குரல். வருஷங்களுக்குப் பிறகு எனக்கென்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கண்ணு இருட்டிகினு வருது."

"நெஞ்சு வலிக்குதா? கையி கிய்யி இழுக்குதா?"

"இல்ல."

"காலைல எதுனா துன்னியா?"

"இல்ல."

"தண்ணி குட்ச்சியா?"

"கொஞ்சூண்டு."

"மாத்திரைய மட்டும் முழுங்கிகினு ஓடியாந்துட்டியா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். "நல்லா ஓடியாந்த போ" என்று சொல்லி என் தலையை முழங்கால் பக்கமாகக் குனிய வைத்தாள். முந்தானையால் விசிறினாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால், திடீரென்று அது இறங்கினால் சமாளிக்க, இடுப்பில் சொருகிய பையில் பிஸ்கட்டும் மிட்டாயும் எப்போதும் வைத்திருப்பாள். பிரித்து என் வாயில் ஊட்டினாள். மெல்ல மெல்ல வேப்பமரம் நிமிர்ந்தது. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நான் தெளிந்துவிட்டேன் என்று தெரிந்ததும் திட்ட ஆரம்பித்தாள்.

"யாரு தொரத்துறாங்கன்னு இப்டி ஓடுற நீ?"

"நீதான்."

"நானா? அடிப்பாவி! நீ வேகமா வர்றியேன்னு இல்ல நான் ஓடிகினு கீறேன்! இங்க பாரு" என்று சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். முட்டி பந்து மாதிரி வீங்கி, அதன்மேல் கட்டுத் துணி சுற்றியிருந்தது. "நாலு நாளா வீங்கிகினு கீது. உன் மச்சாண்டார் கைல கூட சொல்லல. சொன்னா நடக்கப் போவாதம்பாரு. நீ வந்து ஜெயிச்சுகினு போய்டுவ."

நான் அந்த முட்டியைப் பார்த்தேன். அவள் என் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. பெஞ்சே ஆடுகிற மாதிரி சிரித்தோம். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் அதைத் தலைசுற்றல் என்று நினைத்து இன்னொரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

அன்றைக்கே இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். நெஞ்சில் கோளாறு இல்லை, வெறும் வயிறும் வேகமும் சேர்ந்து செய்த வேலை என்று சொல்லி, மாத்திரையை டிபனுக்கு அப்புறம் போடும்படி மாற்றிக் கொடுத்தாள். அக்காவை முட்டி வற்றும் வரைக்கும் ஓய்வெடுக்கச் சொன்னாள். எவ்வளவு வேகத்தில் நடப்பது என்று நான் கேட்டேன். அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நடக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியணும். ஆனா பாட முடியக் கூடாது. பேசவே முடியாம மூச்சு வாங்கினா ரொம்ப வேகம். பாட்டே பாட முடிஞ்சா இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்." உடனே அக்கா, "இவளுக்கு உக்காந்துகினு கீறப்பவே பாட்டு வராது டாக்டர், இத்த வச்சி எப்டி கண்டுபுடிக்கிறது?" என்றாள். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

யோசித்துப் பார் பிரபு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகமாம். நாங்களோ பேசக் கூடாது என்பதற்காகவே நடந்துகொண்டிருந்தோம். பின்னே எப்படி உருப்படும்?

முட்டி வற்றியதும் மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை ஒரே திசையில், பக்கத்தில் பக்கத்தில். முதல் வாரம் பூங்காவை இரண்டு சுற்றுதான் வந்திருப்போம். முதல் சுற்று ஆமை மாதிரி, உடம்பு சூடேறுகிற வரைக்கும். கடைசியில் மறுபடியும் மெதுவாக. நடுவில் கொஞ்சம் விறுவிறுப்பு. ஆனால் அந்த வேகம் வரும்போது பேச்சு நிற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பேச்சு தடுமாறினால் காலைக் குறைத்துவிடுவோம். பேசுவதற்கு எங்களுக்கு விஷயமா இல்லை? பேசாமல் விட்ட வருஷங்கள் முழுக்க மூட்டை மூட்டையாக இருந்தது. உன் கல்யாணத்தில் யார் என்ன புடவை கட்டினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எங்கள் வீட்டுக் குழம்பு என்னவென்று தினமும் வாசனை பிடித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். "உன் மீன்கொயம்பு வாசனை வர்றப்பல்லாம் எங்க ஊட்ல எனக்குச் சோறு எறங்காது" என்றாள். அன்றைக்கு மத்தியானமே ஒரு கிண்ணம் சுவரைத் தாண்டிப் போனது.

வளைகாப்பு விஷயத்தை எடுக்க எனக்குச் சில வாரம் ஆனது. ஒருநாள் விறுவிறுப்பான சுற்றில், அவள் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டேன். பக்கத்தில் நடந்துகொண்டே கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"அன்னிக்கு ஏங்கா என்னக் கூப்புடல?"

அவள் கொஞ்ச தூரம் பேசவில்லை. அவளுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று நான் காலைக் குறைத்தேன். "மறந்துட்டேண்டி" என்றாள். "சத்தியமா மறந்துட்டேன். அவ்ளோ கும்பல். எல்லாரையும் கூப்ட்டு முட்ச்சி, நீ ஊட்டு ஆளு, நீதான் முன்னாடியே போட்டிருப்பன்னு நெனச்சிகினேன். அப்புறம் பாத்தா நீ சாப்டாம போய்க்கீற. இன்னா திமிரு இவளுக்குன்னு எனக்குக் கோவம்."

"அப்பவே வந்து கேக்க வேண்டிதானே?"

"நீ வந்து கேட்டியா?"

இரண்டு பேரும் கேட்கவில்லை. ஒரு மறதிக்காகச் சுவருக்கு இரண்டு பக்கமும் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம், காலும் மனசும் மரத்துப்போகிற வரைக்கும். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக வந்தோம். கூடுதலாக வந்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

சில மாதம் கழித்து டாக்டர் நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்றாள். நாங்கள் உன் மாதிரி இரும்பைத் தேடிப் போகவில்லை. ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்போம். முதலில் கையை ஊன்றி, பழகினதும் ஊன்றாமல். சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவோம். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, குக்கர் விசில் வருகிற வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். அதையும் தினமும் செய்ய மாட்டோம், ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மறுநாள் தசையில் லேசாக வலி இருந்தால் அது வேலை செய்த வலி. மூட்டில் குத்தினாலோ, ஒரே இடத்தில் சுருக்கென்று பிடித்தாலோ அது வேறு. அதோடு போட்டி போடக் கூடாது, நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். அக்காவின் முட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

எல்லாம் ஒழுங்காகவே போனது என்று நினைத்துக்கொள்ளாதே. மீனாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் பெரியம்மா ஐயப்பன்தாங்கலில் அவள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டாள். நான் இரண்டு நாள் தனியாக நடந்தேன். மூன்றாவது நாள் பனி என்றேன். அப்புறம் பழைய "நாளைக்கு" திரும்பி வந்துவிட்டது. உன் அப்பா பார்த்தார், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு "வா, நான் வர்றேன்" என்று கிளம்பினார். பாதிச் சுற்று என்னோடு வருவார், அப்புறம் டீக்கடைப் பக்கம் போய்விடுவார். நடந்து குறைத்ததை வடையாக வாங்கி நிரப்பிக்கொள்வார். அதோடு அதுவும் நின்றது. அக்கா திரும்பி வந்த மறுநாளே நான் பழைய கணக்குப்படி அத்தனை சுற்றும் போகலாம் என்று கிளம்பினேன். அவள்தான் பிடித்து நிறுத்தினாள். "உட்டது உட்டதுதான். முதல்லேருந்து வருவோம். கொயந்தைகூட குப்புற வுய்ந்துதான் நடக்க ஆரம்பிக்குது" என்றாள். மறுபடியும் இரண்டு சுற்று. வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் இல்லை. விட்டுப்போனது குற்றம் இல்லை பிரபு. விட்டுப்போனதை நினைத்து வருந்திக்கொண்டு மேலும் உட்கார்ந்திருப்பதுதான் வீண்.

போன மாதம் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து. மீனாவின் வீடு அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி. நாங்கள் போய் இறங்கினால் லிப்ட் ஓடவில்லை. கீழே சொந்தக்காரர்கள் கல்யாணக் கூட்டம் மாதிரி நின்றுகொண்டு, சரிசெய்கிற ஆள் எப்போது வருவான் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வயசுப் பிள்ளைகள்கூட நின்றுகொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழத்தட்டை அவள் வாங்கிக்கொண்டாள், பூப்பையை நான் எடுத்துக்கொண்டேன். பேசிக்கொண்டே ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் திருப்பத்தில் நின்று, மூச்சு சமமானதும் அடுத்தது. நிற்பதற்கு வெட்கப்படவே இல்லை. சம்பந்தி வீட்டுக்காரர்களைப் பற்றிய பேச்சு நாலாவது மாடியில் சூடு பிடித்துவிட்டதால், அது முடிகிற வரைக்கும் அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றோம். மேலே போனதும் மீனா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, "லிப்ட் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"லிப்ட்டு எங்க கால்ல கீதுடி" என்றாள் உன் பெரியம்மா. பழத்தட்டை இறக்கி வைத்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள் பார், அந்த அடி இன்னும் இனிக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கை வலி குறைகிற வரைக்கும் ஜிம் பக்கம் போகாதே. வலி ஒரு வாரத்தில் போகவில்லை என்றாலோ, கை வீங்கினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். பிரஷர் இருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கலாமா, எவ்வளவு தூக்கலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் மறுபடியும் போக வேண்டும். போனால், சொல்லித் தருகிறவரிடம் நான் புதுசு, எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். பக்கத்துப் பையனைப் பார்க்காதே. அவன் எப்போது ஆரம்பித்தானோ, அவன் முட்டி எப்படி இருக்கிறதோ உனக்குத் தெரியாது. ஜிம்மே பிடிக்கவில்லை என்றால் அதுவும் தப்பில்லை. சின்ன வயசில் பந்தைக் கண்டால் நீ சாப்பாட்டை மறந்துவிடுவாய். பிடித்தது எதுவோ அதைச் செய், பிடிக்காததை யாராலும் ரொம்ப நாள் செய்ய முடியாது. முதலில் ஆசை வரட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே. எனக்கு ஆசை வந்ததெல்லாம் நடக்க ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான். முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான் என்று சொன்னேனே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சௌமியா நேற்று ரொம்ப நேரம் பேசினாள். உன்னைக் குறை சொல்லவில்லை, அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. "வந்தா லேப்டாப்பு, சாப்பாடு, தூக்கம், அவ்ளோதான் அத்தை. இப்ப தலை சீவி வுடுறப்பதான் ரெண்டு வார்த்தை பேசிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புக்குள் இருந்தது எனக்குக் கேட்டது. சுவர் என்பது செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று இல்லை, ஒரே வீட்டுக்குள்ளும் தானாக எழும்பிவிடும். உனக்குக் கோபமும் இல்லை, அவளுக்குக் கோபமும் இல்லை. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

நாளைக்குச் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் உட்காராதே. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய். பரண்மேல் இருக்கிற ஷூவை அவளை எடுத்துக் கொடுக்கச் சொல், உன் கைதான் மேலே போகாதே. இரண்டு பேரும் தெருமுனை வரைக்கும் போய் வாருங்கள், மெதுவாக. முடிந்தால் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கப்புறம் எனக்குப் போன் பண்ணு. எவ்வளவு தூரம் நடந்தாய், எத்தனை நிமிஷம் நடந்தாய் என்றெல்லாம் சொல்ல வேண்டாம், அது எனக்குத் தேவையில்லை. இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டு போனீர்கள் என்று மட்டும் சொல்லு, போதும்.

உன் அம்மா